காதைக் கெடுத்தது டிரம்ஸா, கல்லா?

கேள்வி: எனக்கு 52 வயது. பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் 26 வருஷமாக வேலை. முதல் ஒன்பது வருஷம் கட்டிங் மிஷினில் நின்றேன், இப்போது சூப்பர்வைசர். பள்ளிக்கூட பேண்டு வாசித்த நாளிலிருந்து டிரம்ஸ் என்றால் எனக்கு உயிர். பலகையில் சைக்கிள் டியூபை இழுத்து ஆணியடித்து அதில்தான் கை பழகினேன். தொழிலாகச் செய்ததில்லை. திருவிழாச் சமயத்தில் நண்பர்களின் பாட்டுக் கச்சேரியில் வருஷத்துக்கு நாலைந்து முறை உட்காருவேன். காசு வாங்கியதில்லை, சாப்பாடு போடுவார்கள். பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய செட் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் இரண்டு மணி நேரம் வாசிப்பேன். வாசித்த அன்று ராத்திரி காது மந்தமாக இருக்கும், காலையில் சரியாகிவிடும். இப்போது ஒரு வருஷமாக இடது காதில் ‘ஙொய்’ என்று ஒரே சத்தம். வலது காதிலும் கொஞ்சம் உண்டு. டிவியை அலற விடுகிறேன் என்று வீட்டில் சண்டை. காதைக் காட்டப் போன இடத்தில், டிரம்ஸ் வாசிப்பேன் என்று சொன்னதுமே “முதலில் அதை நிறுத்துங்கள்” என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன் செட்டை ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டுவிட்டான். மூன்று பேர் விலை கேட்டிருக்கிறார்கள். கொடுத்துவிடட்டுமா டாக்டரம்மா?

(பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: கொடுக்காதீர்கள் சார். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நிதானமாக விளக்கி முடிப்பதற்குள் நாலாவது ஆள் டாடா ஏஸ் வண்டியோடு வந்து நின்றுவிடக்கூடும்.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். நான் டாக்டர் இல்லை, ஆடியாலஜிஸ்ட். காதுக்குள் பார்த்து, மருந்தா ஆபரேஷனா என்று முடிவு செய்கிறவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். எவ்வளவு கேட்கிறது, எந்தச் சுருதியில் கேட்கவில்லை என்று அளந்து, அதற்கு மேல் கெடாமலிருக்க என்ன செய்யலாம் என்று சொல்வது என் வேலை. உங்களுக்கு இரண்டு பேருமே வேண்டும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இங்கே இடத்துக்காகச் சுருக்கியிருக்கிறோம். முழுக் கடிதத்தில் டிரம்ஸைப் பற்றி ஒன்றரைப் பக்கம், கல் பட்டறையைப் பற்றி இரண்டே வரி. அந்த இரண்டு வரியும் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வதற்காக எழுதியவை, காது சம்பந்தமாக இல்லை. உங்கள் வீட்டிலும், நீங்கள் காட்டிய இடத்திலும் இதேதான் நடந்திருக்கிறது. டிரம்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சோறு போடுகிற சத்தத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

சரி, கணக்கு போட்டுப் பார்ப்போம்.

காதுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் சத்தம் என்று ஒரு ரேஷன் உண்டு. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நியோஷ் என்ற அரசு அமைப்பின் அளவு இது: 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம். அதோடு அன்றைய ரேஷன் தீர்ந்தது. சத்தம் 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1 மணி நேரம், 97-க்கு அரை மணி, 100-க்குக் கால் மணி. வெறும் 3 டெசிபலுக்கு இவ்வளவா என்று தோன்றும். டெசிபல் தராசுப் படிக்கல் மாதிரி ஏறுவதில்லை. 3 கூடினால் சத்தத்தின் சக்தி இரண்டு மடங்காகிறது.

உங்கள் பட்டறையில் நான் அளந்து பார்க்கவில்லை. ஆனால் கிரானைட் அறுக்கும், தேய்க்கும் இடங்களில் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 94 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சூப்பர்வைசர், நாள் முழுக்க மிஷின் பக்கத்திலேயே நிற்க மாட்டீர்கள். 4 மணி நேரம் என்று குறைத்தே போடுகிறேன். அப்படியும் ஒரு நாளைக்கு 4 ரேஷன், ஆறு நாளைக்கு 24. மிஷினிலேயே நின்ற அந்த ஒன்பது வருஷம் இதற்கு இரட்டிப்பு. இப்போது ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். டிரம்ஸ் வாசிப்பவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சராசரி 100 டெசிபல் என்று கொண்டால், கால் மணிக்கு ஒரு ரேஷன் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு 8.

வாரத்துக்கு 24-க்கு 8. வீட்டில் எல்லோரும் அந்த எட்டைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1886-லேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர், கொதிகலன் செய்யும் பட்டறை ஆட்கள் 100 பேரைச் சோதித்துப் பார்த்தார். ஒருவருக்குக்கூடக் காது இயல்பாக இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவர் சேர்த்துக்கொண்ட தபால்காரர்களின் காதுகள் எவ்வளவோ மேல். இரும்பில் ரிவிட் அடிக்கிறவர்களின் செவிட்டுத்தனத்துக்கு அந்தக் காலத்தில் ‘கொதிகலன்காரர் காது’ என்றே பெயர் இருந்தது. நம் ஊரில் ‘கல் பட்டறைக் காது’ என்று ஒரு பெயர் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்காக டிரம்ஸை முழுசாக விடுவிக்கவும் என்னால் முடியாது. இடது காதில் அதிகம் என்கிறீர்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு ஹை-ஹேட், அதாவது காலால் மிதித்து மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல் தட்டு, இடது பக்கம். முன்னால் இருக்கும் சின்ன டிரம்மான ஸ்னேரும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஸ்டிக்கின் தோள்பட்டையால் ஹை-ஹேட் விளிம்பில் ஓங்கி அடிக்கும்போது அந்தப் பித்தளைச் சத்தம் நேராக இடது காதுக்குத்தான் வருகிறது. போதாக்குறைக்குத் தகரக் கொட்டகை. கோயில் திடலில் பம்பை அடித்தாலும் உறுமி அடித்தாலும் சத்தம் வானத்தைப் பார்த்துப் போய்விடும். தகரத்துக்கு அடியில் எங்கே போகும்? மேலே முட்டி உங்கள் தலைக்கே திரும்பி வரும். அதனால் மட்டும் 3 டெசிபல் கூடினாலும் அந்த 8 ரேஷன் 16 ஆகிவிடும்.

காது மந்தமாகி மறுநாள் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் எங்களிடம் வருகிற பெரும்பாலானவர்கள் தைரியமாக எடுத்துக்கொள்கிறார்கள். 2009-ல் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளுக்கு 100 டெசிபல் சத்தத்தை இரண்டு மணி நேரம் கேட்க வைத்தார்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமையின் அதே அளவு, அதே நேரம்! சில நாளில் எலிகளின் கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது. ஆனால் உள்ளே, நரம்பு காதோடு சேரும் இணைப்புகளில் ஏறக்குறைய பாதி போயிருந்தன, அவை திரும்பவும் வளரவில்லை. எலிக் காது மனிதக் காது ஆகாது. நம் காது கொஞ்சம் தாங்கும். இருந்தாலும் ‘காலையில் சரியாகிவிட்டது’ என்பதை இனிமேல் நான் யாருக்கும் நற்சான்றாகக் கொடுப்பதில்லை.

இப்போது அந்த ‘ஙொய்’. உட்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 முடிச்செல்கள். சத்தத்தை நரம்புக்கு மாற்றிக் கொடுப்பவை அவைதான். மனிதருக்குப் பிறக்கும்போது இருப்பது எவ்வளவோ அவ்வளவுதான், செத்தால் மறுபடி முளைக்காது. இரைச்சல் முதலில் தின்பது கீச்சுச் சுருதியைக் கேட்கும் செல்களை, முக்கியமாக 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை. அதனால்தான் உங்களுக்குப் பேச்சு கேட்கிறது, ஆனால் புரியவில்லை. ‘தட்டு எடுங்க’ என்று மனைவி சொன்னால் ‘பட்டு’ என்று காதில் விழும். உயிரெழுத்து வந்து சேரும், மெய்யெழுத்து வழியில் உதிர்ந்துவிடும். அவர் முணுமுணுக்கிறார் என்று நீங்களும், நீங்கள் கவனிப்பதில்லை என்று அவரும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் எழுதவில்லை, ஊகம்தான். இந்த ஊகம் பெரும்பாலும் தப்புவதில்லை.

காதிலிருந்து வர வேண்டிய செய்தி குறைந்ததும் மூளை தன் வால்யூமை ஏற்றுகிறது. கச்சேரி தொடங்கும் முன் ஆம்ப்ளிஃபையரில் ஒன்றும் சொருகாமல் வால்யூமை மட்டும் திருகினால் ‘ஸ்ஸ்’ என்று வருமே, ஏறக்குறைய அதுதான் காதிரைச்சல். இதை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் மூளை அதைப் பழகி, பொருட்படுத்தாமல் விட்டுவிடும். முழு நிசப்தம்தான் அதற்குத் தீனி. ராத்திரி ஃபேன் ஓடட்டும், ரேடியோ மெல்லப் பாடட்டும்.

காது மருத்துவரிடம் முதலில் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில சமயம் இரைச்சலுக்கு வெறும் குறும்பிதான் காரணம். கல் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்கலாம். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், ஹேர்பின்னால் குடையாதீர்கள். ஒரு காதில் மட்டும் அதிகம் என்பதால் அவர் கூடுதலாக ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். அது வழக்கமான முன்ஜாக்கிரதை, பயப்படாதீர்கள். சர்க்கரை, பிரஷர், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். என்றைக்காவது திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் ஞாயிறு, பண்டிகை பார்க்காமல் அன்றே ஓட வேண்டும். அதற்கு நாள் தள்ளினால் பலன் குறையும்.

அடுத்து ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று வரைந்து காட்டும் சோதனை. திங்கட்கிழமை காலை, ஷிஃப்டுக்குப் போகும் முன் எடுங்கள். முந்தின நாள் ஞாயிறு வாசிக்கக் கூடாது. சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் காதுக்கு ஓய்வு வேண்டும், இல்லாவிட்டால் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகிவிடும். உங்கள் பக்கத்தில் வசதிப்படாவிட்டால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் காவேரிப்பட்டணம் பக்கமிருந்து பம்பை வாசிக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். மயானக் கொள்ளை முடிந்த வாரம், கை இன்னும் வீங்கியிருந்தது. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, “சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்துங்க ஐயா” என்றேன். மனுஷன் அழுத்துகிறார், அழுத்துகிறார், ஒன்றைக்கூட விடவில்லை. அறுபத்தைந்து வயதில், நாற்பது வருஷம் பம்பை அடித்த காது இவ்வளவு நன்றாக இருக்குமா என்று எனக்கே ஆச்சரியம். சத்தத்தை இன்னும் குறைத்தேன், அழுத்தினார். சந்தேகம் வந்து சத்தத்தை முழுசாக நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அப்போதும் கணக்காக அழுத்தினார்! நான்தான் அசதியில் ஒரே இடைவெளியில் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் தாளத்தைப் பிடித்துவிட்டார். அதற்கப்புறம் தாறுமாறான இடைவெளியில் கொடுத்து மறுபடி எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. 4,000-த்தில் வரைபடம் கிணறு மாதிரி இறங்கியிருந்தது. “தப்பா அடிச்சா எப்படிம்மா தாளம் நிக்கும்?” என்று என்னிடமே கோபித்துக்கொண்டார்.

இனி டிரம்ஸ் விஷயம். செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. இசைக்கலைஞர்களுக்கென்றே காதடைப்பான் கிடைக்கிறது. மருந்துக்கடையில் விற்கிற ஸ்பாஞ்சு அடைப்பான் கீச்சுச் சத்தத்தை அதிகமாகவும் கனத்த சத்தத்தைக் குறைவாகவும் வெட்டும். கம்பளிக்குள் உட்கார்ந்து வாசிப்பது மாதிரி இருக்கும், பத்து நிமிஷத்தில் பிடுங்கி எறிவீர்கள். இசைக்கான அடைப்பான் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும். சிம்பல் சிம்பலாகவே கேட்கும், தூரத்திலிருந்து. 15 டெசிபல் குறைப்பது ஒன்று வாங்குங்கள். 100-இல் 15 போனால் 85. கால் மணி நேரத்தில் தீர்ந்துபோன ரேஷன் இப்போது 8 மணி நேரம் வரும். உங்கள் இரண்டு மணி நேரத்துக்கான செலவு 8 ரேஷனிலிருந்து கால் ரேஷனுக்கு இறங்கிவிடும். காது அச்செடுத்துச் செய்வது நன்றாகப் பொருந்தும், செலவு கூடுதல். முதலில் ரெடிமேடிலேயே தொடங்குங்கள். பஞ்சை மட்டும் நம்பாதீர்கள், அது பேருக்குத்தான். முதல் இரண்டு வாரம் கை கனமாகத் தெரியும், இன்னும் ஓங்கி அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள்.

கொட்டகையில் தகரத்துக்கு அடியிலும் ஹை-ஹேட் பக்கத்துச் சுவரிலும் பழைய மெத்தை, இரண்டு மூன்று மடிப்புக் கோணி என்று எதையாவது தொங்கவிடுங்கள். அண்டை வீட்டுக்கு இதனால் பெரிய பலன் இருக்காது. உங்கள் தலைக்குத் திரும்பி வருவது குறையும். பயிற்சிக்கு ஸ்னேர் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளலாம். ரிம் ஷாட்டை (தோலோடு விளிம்பையும் சேர்த்து ஓங்கி அடிப்பதை) மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கை வேகத்துக்கான பயிற்சியை அந்தச் சைக்கிள் டியூப் பலகையிலேயே செய்யலாமே, இன்னும் வைத்திருக்கிறீர்களா? கச்சேரியில் மானிட்டர் ஸ்பீக்கரை இடது காதுப் பக்கம் வைக்கிற வழக்கம் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு திங்கட்கிழமை வெறும் காதோடு பட்டறைக்குப் போனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அங்கே ஸ்பாஞ்சு அடைப்பானே போதும், இசை ரசிக்கப் போவதில்லையே. விரலால் உருட்டி ஒல்லியாக்கி, எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிஷம் அழுத்திக்கொள்ள வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். கல் அறுக்கும் இடத்துக்குப் போகும்போது அதற்கு மேல் இயர்மஃப்பும் மாட்டுங்கள். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது வரம்பு. இரைச்சலால் வரும் காது கேளாமை, சட்டத்தின் பட்டியலில் தொழில் நோயாகவே இருக்கிறது. இஎஸ்ஐ பிடித்தம் உங்களுக்கு இருந்தால், அந்த ஆஸ்பத்திரியிலும் காட்டி, எத்தனை வருஷம் எந்த மிஷினில் நின்றீர்கள் என்பதைப் பதிவு செய்ய வையுங்கள். ‘டிரம்ஸ் வாசிப்பவர்’ என்று மட்டும் சீட்டில் எழுதிவிட்டால் பின்னால் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். நீங்கள் சூப்பர்வைசர் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். உங்களுக்குக் கீழே மிஷினில் நிற்கும் பையன்கள் காதில் என்ன போட்டிருக்கிறார்கள்? பாதிப் பேர் ஃபோனில் பாட்டுதானே?

உங்கள் மனைவிக்கும் மகனுக்கும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். காதில் ஏதோ கோளாறு என்று அவர்கள் கண்டுபிடித்தது சரி, அதற்காக நன்றி சொல்ல வேண்டும். செட்டை விற்றால் காது திரும்பும் என்று நினைத்ததுதான் தப்பு. 24-ஐ விட்டுவிட்டு 8-ஐ விற்றால் வருகிற காசில் காது மெஷின்தான் வாங்க வேண்டியிருக்கும். உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்கு மறக்கவில்லை. வாரத்தில் எனக்கென்று இருப்பது அந்த இரண்டு மணி நேரம்தான் என்று எழுதியிருந்தீர்கள். காதிரைச்சலோடு வருகிறவர்களை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். பிடித்த வேலையையும் விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். உங்களுக்கு அந்த நிலை வேண்டாம்.

ஆக, மகனிடம் சொல்லி இன்றைக்கே அந்த விளம்பரத்தை எடுக்கச் சொல்லுங்கள். வருகிற ஞாயிறு ஒன்று மட்டும் வாசிக்காமல் இருங்கள், திங்கள் காலை காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆடியோகிராம் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி வையுங்கள். இரண்டு காதும் 4,000-த்தில் ஒரே அளவு இறங்கியிருக்கிறதா, இடது தனியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் கல்லுக்கு எவ்வளவு பங்கு, ஹை-ஹேட்டுக்கு எவ்வளவு என்று என்னால் ஓரளவாவது சொல்ல முடியும். சோதனை அறையில் பட்டனை அழுத்தும்போது தாளம் போடாதீர்கள்.